பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம்: அரச புரவலரும் அரச சாசனமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்கள் எப்போதும் குழம்பிப்போகின்றன. ஒன்று, அரச குடும்பம் அதற்குப் புரவலராக இருப்பது. இன்னொன்று, 1908ல் அதற்குக் கிடைத்த அரச சாசனம். இரண்டும் அரண்மனையிலிருந்து வந்தவை என்பதால் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். புரவலர் என்பவர் ஒரு ஆள், அவர் போனால் அடுத்தவர் வருவார். சாசனம் சட்ட ஆவணம், சங்கம் எதற்காக இருக்கிறது என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவதுதான், ஏன் என்பதைக் கீழே கேள்வி கேள்வியாகச் சொல்கிறேன்.

சங்கத்தைத் தொடங்கியது விக்டோரியா ராணியா?

இல்லை. தொடங்கியது கர்னல் ராபர்ட் லாய்ட்-லிண்ட்சே என்ற ராணுவக்காரர். கிரிமியப் போரில் விக்டோரியா கிராஸ் விருது வாங்கியவர், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1870 ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அடுத்த சில நாட்களில், ஜூலை 22 அன்று, டைம்ஸ் நாளிதழில் அவருடைய கடிதம் வந்தது. மற்ற ஐரோப்பிய நாடுகளில் இருப்பதுபோல் பிரிட்டனிலும் போரில் காயம்பட்டவர்களுக்கு உதவ ஒரு தேசிய சங்கம் வேண்டும் என்று கேட்டு, தன் பங்காக 1000 பவுண்டு தருவதாகவும் அதில் எழுதியிருந்தார். ஆகஸ்ட் 4ஆம் தேதி லண்டனில் பொதுக்கூட்டம் கூடியது, சங்கம் பிறந்தது.

அன்றைக்கு அதன் பெயர் செஞ்சிலுவைச் சங்கம் அல்ல. ‘போரில் நோயுற்றோர், காயமுற்றோருக்கு உதவும் தேசிய சங்கம்’ என்ற பொருள் வரும் நீளமான பெயர். ‘போரில்’ என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது பெரிய பிரச்சினை ஆகிறது.

இதற்கெல்லாம் முந்தைய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1859ல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்தார் ஜெனீவாக்காரர் ஹென்றி டுனான்ட். அதிலிருந்து 1863ல் ஜெனீவாக் குழு, 1864ல் போரில் காயம்பட்டவர்களைப் பாதுகாக்கும் முதல் ஜெனீவா உடன்படிக்கை. பிரிட்டன் 1865லேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் உள்நாட்டில் ஒரு சங்கம் அமைய ஐந்து வருடம் ஆனது.

அப்படியானால் ராணி எப்போது உள்ளே வருகிறார்?

கிட்டத்தட்ட உடனடியாக. விக்டோரியா ராணி புரவலர் ஆனார், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆன வேல்ஸ் இளவரசர் தலைவர் ஆனார். ராணியின் மகள் ஹெலெனா பெண்கள் குழுவில் முன்னின்று வேலை செய்தார்.

பெயரைக் கொடுப்பதால் நிஜமாகவே ஏதாவது பயன் உண்டா?

1870ல் பெரிய பயன் இருந்தது. நேற்று ஆரம்பித்த ஒரு சங்கம், அலுவலகம்கூடச் சரியாக அமையவில்லை, வெளிநாட்டில் நடக்கும் போருக்காகப் பொதுமக்களிடம் பணம் கேட்கிறது. யார் நம்பிக் கொடுப்பார்கள்? புரவலர் பட்டியலில் ராணியின் பெயர் இருந்தது அந்தச் சந்தேகத்தை வெகுவாகக் குறைத்தது. சில மாதங்களில் ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு சேர்ந்தது. அந்தக் காலத்து மதிப்பில் அது மலைக்க வைக்கும் தொகை.

பணம் மட்டுமல்ல, கதவும் திறந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் லாய்ட்-லிண்ட்சே தானே போர்ப் பகுதிக்குள் போய், பிரஷ்யர்களிடம் வெர்சாயில் 20,000 பவுண்டும், முற்றுகையில் இருந்த பாரிசுக்குள் நுழைந்து பிரெஞ்சுக்காரர்களிடம் இன்னொரு 20,000 பவுண்டும் கொடுத்தார். இரு பக்கமும் சமமான தொகை, தரப்பு பார்க்கவில்லை. முற்றுகைக் கோட்டைத் தாண்டி ஒரு அந்நியர் அப்படிப் போய்வர முடிந்ததற்குப் பின்னால் செஞ்சிலுவைச் சின்னம் இருந்தது, அவருடைய அந்தஸ்து இருந்தது, பிரிட்டிஷ் முடியாட்சியின் செல்வாக்கும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

புரவலர், தலைவர், அறங்காவலர். யாருக்கு என்ன அதிகாரம்?

புரவலருக்கு நிர்வாக அதிகாரம் எதுவும் கிடையாது. தலைவர் பதவியும் பெரும்பாலும் கௌரவப் பதவிதான். முடிவெடுப்பது அறங்காவலர் குழு. கணக்குக்குப் பொறுப்பு, ஊழியர்களுக்குப் பொறுப்பு, தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியது எல்லாமே அவர்கள்தான். நீங்கள் நன்கொடை கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்க வேண்டுமானால் அரண்மனைக்கு எழுதிப் பிரயோசனமில்லை.

1870ல் தொடங்கி 1908ல்தான் சாசனம் என்றால், நடுவில் 38 வருடம் எப்படி ஓடியது?

சங்கம் இருந்தது, ஆனால் சாசனம் தரும் சட்ட உருவம் அதற்கு இல்லை. அப்படிப்பட்ட அமைப்பின் பணமும் சொத்தும் பொறுப்பாளர்களின் பெயரில்தான் இருக்க முடியும், வழக்கு என்று வந்தால் சங்கம் என்ற பெயரில் நிற்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் நோக்கம் சம்பந்தப்பட்டது. 1871ல் போர் முடிந்ததும் கையில் நிறையப் பணம் மிஞ்சியது. அதை என்ன செய்வது? அடுத்த போருக்காகப் பத்திரமாக வைத்திருப்போம் என்பது லாய்ட்-லிண்ட்சேயின் நிலை. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஃபர்லி அதை ஏற்கவில்லை. அமைதிக் காலத்திலேயே ஆட்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்துத் தயார் பண்ண வேண்டும், சுரங்கத்திலும் ரயில்வேயிலும் தொழிற்சாலையிலும் தினமும் விபத்து நடக்கிறதே என்பது அவர் வாதம். சங்கம் அசையவில்லை. கடைசியில் அந்த வேலை செயின்ட் ஜான் என்ற இன்னொரு தொண்டு அமைப்பின் வழியாக நடந்தது, 1877ல் உருவான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தில் ஃபர்லி முக்கியப் பங்கு வகித்தார்.

என் பார்வையில் ஃபர்லி பக்கம்தான் நியாயம். ஆனால் லாய்ட்-லிண்ட்சேயையும் அவ்வளவு எளிதாகக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் ‘போரில் காயம்பட்டவர்களுக்கு’ என்று சொல்லி வாங்கிய பணத்தை வேறு எதற்காவது செலவழித்தால் கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள். நோக்கத்தை எப்படி எழுதிவைக்கிறோமோ அதுதான் பிறகு சங்கத்தின் கையைக் கட்டுகிறது. ராணி புரவலராக இருந்தும் இந்தத் தகராறில் அது எதையும் மாற்றவில்லை.

1876ல் செர்பியப் போர், 1879ல் ஜூலு போர், 1880களில் எகிப்து, சூடான் என்று இடையிடையே சங்கம் வேலை செய்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது (1899-1902) பல அமைப்புகளை ஒருங்கிணைக்க வேண்டியிருந்தது, அதற்கென்று ஒரு மத்தியக் குழு வைத்தும் யார் எதற்குப் பொறுப்பு என்பதில் தெளிவு போதவில்லை.

சரி, 1905லும் 1908லும் என்ன நடந்தது?

1905 ஜூலையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் அலெக்சாண்ட்ரா ராணி ஒரு கூட்டம் கூட்டினார். பழைய தேசிய சங்கமும் அந்த மத்தியக் குழுவும் ஒன்றாகி, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் என்ற பெயர் வந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னர் புரவலர், அலெக்சாண்ட்ரா ராணி தலைவர்.

மறு வருடம், 1906ல், ஜெனீவா உடன்படிக்கை திருத்தி எழுதப்பட்டது. தங்கள் அரசு முறையாக அங்கீகரித்த தன்னார்வச் சங்கங்களின் ஆட்களுக்கும் போர்க்களத்தில் ராணுவ மருத்துவர்களுக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். ஆக, ‘முறையான அங்கீகாரம்’ என்பது வெறும் மரியாதைக்குரிய விஷயமாக இல்லாமல், ஆம்புலன்ஸ் ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்டதாக ஆகிவிட்டது. இந்தப் பின்னணியில்தான் 1908ல் சாசனம் வருகிறது.

அரச சாசனம் என்றால் சரியாக என்ன? பதிவு பண்ணுவதிலிருந்து எப்படி வேறு?

தமிழ்நாட்டில் ஒரு சங்கம் ஆரம்பித்தால் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். பின்னால் விதிகளைத் திருத்த வேண்டுமானால் உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்கிறோம். அரச சாசனம் வேறு மாதிரி. அதை மன்னர், பிரிவி கவுன்சில் என்ற ஆலோசனை சபையின் பரிந்துரைப்படி வழங்குகிறார். வழங்கிய கணத்திலிருந்து சங்கம் சட்டத்தின் கண்ணில் ஒரு ‘நபர்’. அதன் பெயரிலேயே சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், அதற்கென்று முத்திரை உண்டு, உறுப்பினர்கள் மாறினாலும் இறந்தாலும் அது தொடரும். 1694ல் இங்கிலாந்து வங்கி இப்படித்தான் உருவானது, 1927ல் பிபிசியும் இப்படித்தான்.

திருத்தம் வேண்டுமானால் அறங்காவலர்கள் மட்டும் கூடி முடிவெடுத்துவிட முடியாது, மறுபடி பிரிவி கவுன்சிலுக்குப் போக வேண்டும். இது தொந்தரவான ஏற்பாடு, நிறையக் காலம் பிடிக்கும். ஆனால் ஒரு தொண்டு அமைப்பின் அடிப்படை நோக்கத்தை நாலு பேர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மாற்றிவிட முடியாது என்பதில் நன்கொடையாளருக்குப் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. எனக்கு அந்தத் தொந்தரவு நல்லதாகவே படுகிறது.

1908 சாசனத்தில் நோக்கம் என்று என்ன எழுதியிருந்தார்கள்?

போர்க் காலத்தில் நோயுற்றவர்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் உதவுவது. மறுபடியும் அதே ‘போர்’.

ஆனாலும் சும்மா உட்காரவில்லை. 1909ல் போர்த்துறையின் திட்டப்படி ஊருக்கு ஊர் தன்னார்வ உதவிப் படைகள் அமைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1914ல் போர் வெடித்தபோது அந்தப் படைகள் தயாராக இருந்தன. செயின்ட் ஜான் அமைப்புடன் சேர்ந்து கூட்டுப் போர்க்குழு ஒன்றை அமைத்து மருத்துவமனை, ஆம்புலன்ஸ், காணாமல்போன சிப்பாய்களைத் தேடுவது என்று நான்கு வருடம் இடைவிடாமல் வேலை செய்தார்கள்.

1919ல் ஏன் சாசனத்தை விரிவாக்கினார்கள்?

போர் முடிந்தது, அந்தப் பெரிய இயந்திரத்தை அப்படியே கலைப்பதா என்ற கேள்வி வந்தது. கலைத்தால் 1871ன் கதைதான் திரும்பும். அந்தச் சமயத்தில் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் உலகம் முழுக்க ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தது, ஐரோப்பாவில் பசி, டைஃபஸ், காசநோய். 1919 மே மாதம் பாரிசில் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. உடல்நலத்தை மேம்படுத்துதல், நோயைத் தடுத்தல், உலகெங்கும் துன்பத்தைக் குறைத்தல் ஆகிய மூன்றுக்கும் ஒத்துழைக்கும் தேசிய சங்கங்களை ஊக்குவிக்க வேண்டும் என்று அப்போது உருவான சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற நாடுகளின் கூட்டமைப்பு) ஒப்பந்தத்திலேயே 25ஆம் விதியாக எழுதினார்கள். பிரிட்டிஷ் சங்கம் அதே வருடம் துணைச் சாசனம் பெற்று அந்த மூன்றையும் தன் நோக்கங்களில் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சங்கத்தின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் வேறில்லை என்றே சொல்வேன். இரண்டே வருடத்தில் பலன் தெரிந்தது. 1921ல் லண்டனில் கேம்பர்வெல் பகுதி செஞ்சிலுவைக் கிளையின் செயலாளர் பெர்சி லேன் ஆலிவருக்கு கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையிலிருந்து அவசரமாக ரத்தம் வேண்டும் என்று அழைப்பு வந்தது, அவரும் இன்னும் சிலரும் போனார்கள். அதிலிருந்து, கூப்பிட்டால் வந்து ரத்தம் தரும் தன்னார்வலர்களின் பட்டியலை அவர் உருவாக்கினார். இன்று நமக்குத் தெரிந்த தன்னார்வ ரத்ததான முறையின் ஆரம்பங்களில் அது ஒன்று. இதில் போர் எதுவும் இல்லை. 1908 சாசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அது சங்கத்தின் வேலையே அல்ல.

மன்னர் போரில் ஒரு தரப்பு. அவர் புரவலராக இருக்கும் சங்கம் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்?

மிக நல்ல கேள்வி, நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது.

1870ல் பிரிட்டன் போரில் இல்லை. ஆனால் புரவலர் விக்டோரியாவின் மூத்த மகள் பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவி, அந்த மருமகன் போர்க்களத்தில் ஒரு ராணுவத்தையே நடத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது மகள் ஆலிஸ் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் காயம்பட்டவர்களுக்கான மருத்துவ வேலையில் இருந்தார். அப்படியிருந்தும் சங்கம் இரு தரப்புக்கும் பணம் கொடுத்தது. 1914ல் நிலைமை இன்னும் கடுமை. புரவலர் ஐந்தாம் ஜார்ஜும் எதிரி நாடான ஜெர்மனியின் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்லியமும் விக்டோரியாவின் பேரன்கள், இருவரும் எதிரெதிர் ராணுவங்களின் தலைமையில்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தேசிய செஞ்சிலுவைச் சங்கங்கள் ஆரம்பத்திலிருந்தே தங்கள் நாட்டு ராணுவ மருத்துவச் சேவைக்குத் துணையாகத்தான் உருவாயின. அரசுக்குத் துணை, அதே சமயம் தன்னாட்சி. போரிடும் இரு தரப்புக்கும் நடுவில் நிற்கும் வேலை ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசக் குழுவினுடையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சிறைப்பட்டிருந்த போர்க்கைதிகளுக்கு பிரிட்டனிலிருந்து 2 கோடி உணவுப் பொட்டலங்களுக்கு மேல் அனுப்பினார்கள். அவை எதிரி நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தது ஜெனீவாக் குழு வழியாகத்தான்.

இந்த ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே சந்தேகித்தவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். ஆனால் அவர் கவலை நடுநிலை பற்றியது அல்ல. காயம்பட்ட சிப்பாயைக் கவனிப்பது அவனைப் போருக்கு அனுப்பிய அரசின் கடமை, அதைத் தன்னார்வலர்கள் தலையில் ஏற்றினால் அரசுகள் தப்பித்துக்கொள்ளும், போர் தொடங்குவதும் எளிதாகிவிடும் என்று நினைத்தார். இன்றைக்கும் அந்த வாதத்துக்கு முழுமையான பதில் கிடையாது.

1948ல் ஸ்டாக்ஹோமில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஒரு தேசிய சங்கத்தை அங்கீகரிப்பதற்கான நிபந்தனைகளை வகுத்தார்கள். சொந்த நாட்டு அரசு சட்டப்படி அங்கீகரித்திருக்க வேண்டும், அதே நேரம் இயக்கத்தின் கொள்கைப்படி செயல்படும் அளவுக்குத் தன்னாட்சி இருக்க வேண்டும். 1965ல் வியன்னாவில் ஏழு அடிப்படைக் கொள்கைகள் வந்தன: மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம், தன்னார்வச் சேவை, ஒருமை, உலகளாவிய தன்மை. புரவலர் யாராக இருந்தாலும் சங்கம் இவற்றுக்குக் கட்டுப்பட்டது.

சாசனம் இருந்தும் பெயரில் ‘ராயல்’ இல்லையே, ஏன்?

இரண்டும் தனித்தனி. ‘ராயல்’ என்ற அடைமொழிக்குத் தனியாக அனுமதி வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு 1840ல் விக்டோரியா ராணி அந்த அடைமொழியைக் கொடுத்தார், ஆனால் அது சட்ட உருவம் பெற்றது 1932ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம். கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் ராயல் நேஷனல் லைஃப்போட் நிறுவனத்துக்கு அடைமொழியும் உண்டு, 1860ல் கிடைத்த சாசனமும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சாசனம் மட்டும்.

அரண்மனை பணம் கொடுக்கிறதா?

புரவலராக இருப்பதற்காகக் கொடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அரச குடும்பத்தினர் தனிப்பட்ட முறையில் கொடுப்பது உண்டு. சங்கம் நடப்பது பொதுமக்கள் நன்கொடை, உயில் வழியாக வரும் சொத்து, பழைய பொருள் விற்கும் கடைகள், அரசு அமைப்புகளுக்குச் செய்யும் சேவைக்கான கட்டணம் போன்றவற்றால்.

மன்னர் இறந்தால் புரவலர் பதவி தானாக வாரிசுக்குப் போகுமா?

போகாது. 2022ல் இரண்டாம் எலிசபெத் ராணி இறந்த பிறகு, அரச குடும்பம் புரவலராக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை அரண்மனை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து 2024 மே மாதம்தான் முடிவுகளை அறிவித்தது. 2003 முதல் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவராக இருந்த சார்லஸ் மன்னர் அப்போது புரவலர் ஆனார். அந்த இடைவெளியில் சங்கத்தின் வேலை எதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் சாசனம் அப்படியே இருந்தது.

அரசர் இல்லாத நாடுகளில்?

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881ல் கிளாரா பார்ட்டன் தொடங்கினார், 1900ல் நாடாளுமன்றமே அதற்குச் சாசனம் கொடுத்தது. அரசர் உள்ள நாடுகளில் நெதர்லாந்துச் சங்கம் 1867ல் மன்னரின் ஆணையால் உருவானது. ஜப்பானில் பேரரசி கௌரவத் தலைவர். 1912ல் ஜப்பானியப் பேரரசி ஷோகென், அமைதிக் கால உதவிக்கென்று 1 லட்சம் தங்க யென் கொடுத்தார், அந்த நிதி இன்றும் இருக்கிறது. பிரிட்டனுக்கு 1919ல் வந்த தெளிவு அவருக்கு ஏழு வருடம் முன்பே வந்துவிட்டது.

இந்தியா, இலங்கைச் சங்கங்களுக்கும் இந்தச் சாசனத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வேலை செய்தது கூட்டுப் போர்க்குழுவின் இந்தியக் கிளை. போர் முடிந்ததும் அதன் கையில் பொதுமக்கள் கொடுத்த பணமும் பொருளும் மிஞ்சின. 1871ல் லண்டனில் வந்த அதே கேள்வி! ஆனால் இங்கே அதற்குப் பதிலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1920ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம், அந்தச் சொத்தை நிர்வகிக்கவும், போரில் செய்த வேலையை அமைதிக் காலத்திலும் விரிவாகத் தொடரவும் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தை அமைக்கிறது. சாசனம் அல்ல, சட்டம். இன்று குடியரசுத் தலைவர் அதன் தலைவர், மாநிலக் கிளைகளுக்கு ஆளுநர்கள் தலைவர்கள்.

இலங்கையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பிறகு, 1936ல் பிரிட்டிஷ் சங்கத்தின் கிளையாக வேலை தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் அது தனிச் சங்கமானது.

மருத்துவர் கார்களிலும் மருந்துக் கடைகளிலும் செஞ்சிலுவை போடுகிறார்களே, அது சரியா?

சரியல்ல, சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 1957ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டமும், இந்தியாவில் அதே பெயரில் 1960ல் வந்த சட்டமும் அனுமதியில்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. இந்தியச் சட்டத்தில் அபராதம் 500 ரூபாய் வரைதான், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வருத்தமான விஷயம். மருத்துவர் என்று காட்ட வேண்டுமானால் பாம்பு சுற்றிய கோல் சின்னம் இருக்கிறது, மருந்துக் கடைக்குப் பச்சை நிறச் சிலுவை போட்டுக்கொள்ளலாம்.